மூலைப் பன்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெனுவேல் வீட்டுக்குள் காலை வைத்ததுமே சுவில்லாவுக்கு மூக்கு விடைத்தது. குதிரை வாடை வந்தது; அது வர வேண்டியதுதான். தோல் வாடை வந்தது. சேணம் தைக்கிறவர் மேல் வேறென்ன வாடை வரும்? இரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக ஒன்று பதுங்கியிருந்தது. பட்டைத்தூள், வெண்ணெய், காய்ச்சின சீனி.

"எங்கே போயிட்டு வர்றீங்க?"

"மேட்டுக்கு அந்தப் பக்கம். ஒரு சேணம் குடுக்க வேண்டியிருந்துச்சு."

"ஒரு சேணம் குடுக்க மத்தியானம் பூராவுமா?"

"குதிரை இன்னைக்கு ரொம்ப மெதுவா வந்துச்சு."

குதிரை மேல் பழியைப் போட்டால் குதிரை எதிர்த்துப் பேசாது என்ற தைரியம்தான். சுவில்லா கிட்டே போய் அவருடைய தொப்பியை வாங்குகிற சாக்கில் முகத்தைப் பார்த்தாள். தாடியில் மோவாய்க்குக் கீழே நாலைந்து முடி ஒன்றாக ஒட்டிக்கொண்டு நின்றது.

"தாடியில என்ன அது?"

"பிசினா இருக்கும். பைன் மரத்தடியில நின்னேன்."

அவள் விரலால் அதைக் கிள்ளி எடுத்தாள். அவர் "ஆ" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் சுவில்லா பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். எந்த ஊர் பைன் மரத்தில் வெண்ணெயும் சீனியும் வடிகிறதாம்? இனிப்புக்குப் பின்னால் மெல்லிசாய் ஒரு கசப்பும் வந்தது. எங்கேயோ பழகின கசப்பு. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவள். மகன்கள் இரண்டு பேரும் கல்யாணமாகி அவரவர் பண்ணைக்குப் போயாயிற்று. வீட்டில் இவர்கள் இரண்டு பேர், ஒரு மேசை, ஒரு விளக்கு. அந்த மேசையில் அவள் கையால் சாப்பிடுகிற மனுஷன் வெளியே எங்கேயோ இனிப்பு சாப்பிட்டுவிட்டு வந்து பிசின் என்கிறார். இது முதல் வெள்ளிக்கிழமையும் இல்லை. போன வாரம் சட்டைக் கையில் ஒரு பிசுக்கு இருந்தது. அதற்கு முந்தின வாரம் ராத்திரி ரொட்டியை அவர் பாதியிலேயே வைத்துவிட்டார். எல்லாவற்றையும் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தாள்.

யாராக இருக்கும்? அவள் மனம் நேராக விதவை சலோமி வீட்டு வாசலில் போய் நின்றது. சலோமி ரோட்டோரம் கடை போட்டு இங்கிலீஷ்காரர்களுக்குப் பன் விற்கிறவள்; குதிரை வண்டியை விடாத இந்தச் சபையில், காரில் வருகிற வெளியாட்களுக்கு அதுதான் பேர். புருஷன் போய் வருஷம் ஆகியும் சிரிப்பு மட்டும் குறையாதவள்.

மறுநாளே சுவில்லா வண்டியைப் பூட்டிக்கொண்டு போனாள்.

"அடடே, சுவில்லாவா!" என்றாள் சலோமி. "இந்த ஊர்லயே நல்லா சுடுற கை உன் கை. நீ வந்து என்கிட்ட பன் வாங்குறியா? உலகம் முடியப் போகுதுன்னு சபையில சொன்னாங்களா, நான்தான் தூங்கிட்டேனா?"

"கை வலி. ஒண்ணு குடு போதும்."

"ஒண்ணா? ரெண்டு பேருக்கு ஒண்ணா? உன் வீட்டுக்காரர் பாவம்."

"அவருக்கு வெளியில நல்லாத்தான் கெடைக்குது போல," என்று சுவில்லா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

சலோமியின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. "எங்கே கெடைக்குது? எனக்கும் சொல்லேன். இந்தக் கடை வாசல்ல அவர் வண்டி நின்னு ஒரு வருஷமாச்சு. நேத்துகூட ரோட்ல பாத்தேன். கையைத் தூக்கினா பாக்காத மாதிரி வண்டியை மேட்டுப் பக்கம் திருப்பிக்கிட்டுப் போறாரு. என்ன அவசரமோ."

சுவில்லா திரும்பி வருகிற வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திப் பன்னைப் பிய்த்தாள். பஞ்சு மாதிரி வெள்ளை மாவு. மேலே கடையில் வாங்கின சோளப்பாகும் பெக்கான் பருப்பும். கசப்பு இல்லை. அது சலோமி இல்லை.

நிம்மதி வர வேண்டும், வரவில்லை. சலோமியாக இருந்திருந்தால் வண்டியில் உட்கார்ந்தபடியே நாலு வார்த்தை கேட்டு முடித்திருக்கலாம். இப்போது யார் மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் கோபம் வந்தது. வீட்டுக்குப் போனதும் கொட்டகைப் பரணில் ஏறிப் பார்த்தாள். வீட்டுக்குப் பின்னால் நிற்கிற கருப்பு வால்நட் மரத்தின் கொட்டைகளை உடைத்துப் பருப்பெடுத்துச் சாக்கில் கட்டி வைத்திருந்தாள். அந்தக் கொட்டையை உடைப்பதற்குள் விரல் நகமெல்லாம் கருத்துவிடும். சாக்கு பாதிதான் இருந்தது. எலி என்றால் சாக்கில் ஓட்டை இருக்கும். ஓட்டை இல்லை, வாயை மறுபடியும் ஒழுங்காகக் கட்டி, சேணம் தைக்கிறவர்கள் போடுகிற முடிச்சும் போட்டிருந்தது.

பொறி வைக்க வேண்டியதுதான் என்று அவள் முடிவு செய்தாள்.

சுவில்லா ரொட்டி சுடுவாள், ஆப்பிள் பை சுடுவாள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தன் வீட்டில் நடக்கிற முறை வந்தால் கூட்டத்துக்கே சுடுவாள். பாகு ஒட்டுகிற பட்டைப் பன்னை மட்டும் சுட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஏன் என்று பெனுவேல் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. அந்தத் திங்கட்கிழமை உருளைக்கிழங்கை வேகவைத்து, வெந்த தண்ணீரைக் கொட்டாமல் எடுத்து வைத்தாள். கிழங்கைக் கட்டியில்லாமல் மசித்து, வெதுவெதுப்பான அந்தத் தண்ணீரிலேயே ஈஸ்டைக் கரைத்து, முட்டையும் பன்றிக்கொழுப்பும் போட்டு மாவைப் பிசைந்தாள். மாவு கையை விட மாட்டேன் என்றது. அப்படித்தான் இருக்க வேண்டும். இன்னும் ஒரு பிடி மாவு தூவிவிட்டால் கைக்குச் சுகம், பன் கல்லாகிவிடும். அது பொங்கி எழுந்ததும் விரித்து, வெண்ணெய் தடவி, சீனியையும் பட்டைத்தூளையும் தூவிச் சுருட்டினாள். கத்தி வைத்தால் நசுங்கும். தையல் நூலை அடியில் விட்டு, மேலே கொண்டுவந்து, குறுக்கே மாற்றி இழுத்தாள். ஒவ்வொரு துண்டும் சத்தமில்லாமல் கழன்று விழுந்தது. கை ஒன்றையும் மறக்கவில்லை.

பிறகு தட்டின் அடியில் ஊற்றுகிற பாகு. கருப்புச் சீனி, வெண்ணெய், கொஞ்சம் வெல்லப்பாகு. அடுத்ததாகக் கை தானாகவே அடுப்பு மேல் இருந்த காலைக் காபியின் அடிவண்டலை எடுத்தது. ஊற்றப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அந்தக் கசப்பு இதுதான். சீனியின் திகட்டலை அடக்குவதற்காக ஆறின காபியைப் பாகில் ஊற்றுகிற பழக்கம் இந்த ஊரில் யாருக்கும் கிடையாது. உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி இங்கே கையில் கிண்ணத்தோடு நிற்கிறாள்.

"இருக்காது," என்று அவள் வாய்விட்டே சொன்னாள். காபியை ஊற்றினாள். பருப்பைத் தூவினாள். பன்களை அடுக்கி, மறுபடி பொங்கவிட்டு, அடுப்புக்குள் தள்ளினாள்.

பெனுவேல் பட்டறையிலிருந்து வந்து மேசையில் உட்கார்ந்தார். வாசனை வீட்டை நிறைத்திருந்தது. பத்து வருஷம் சுடாததைச் சுடுகிறாளே, என்ன விசேஷம் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? வாயில் கொழுக்கட்டையா?

தட்டை வெளியே எடுத்து அவர் முன்னால் மேசைமேல் வைத்தாள். பக்கத்திலேயே பலகையையும் வைத்தாள். வைத்துவிட்டு, வேண்டுமென்றே முதுகைத் திருப்பிக்கொண்டு அலமாரியில் எதையோ தேடினாள். இந்தப் பன்னைச் சூடு ஆறுவதற்குள் கவிழ்த்தாக வேண்டும். விட்டால் பாகு இறுகித் தட்டோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு உளி கொண்டு வர வேண்டியதுதான். அது சுடுகிறவர்களுக்குத் தெரிகிற சங்கதி. ஸ்பூன் கழுவத் தெரியாத ஆம்பளைக்குத் தெரியாது.

பின்னால் நாற்காலி நகர்ந்தது. அவள் சன்னல் கண்ணாடியில் பார்த்தாள். பெனுவேல் தட்டைப் பார்த்தார், அவள் முதுகைப் பார்த்தார், மறுபடியும் தட்டைப் பார்த்தார். தாங்க முடியவில்லை. எழுந்து, துணியை இரண்டாக மடித்து, பலகையைத் தட்டின் மேல் கவிழ்த்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே வீச்சில் புரட்டிவிட்டார். புரட்டினதும் தட்டைத் தூக்கிவிடவில்லை. அடியை முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, பாகு முழுக்க இறங்கட்டும் என்று பொறுத்து, அப்புறம்தான் மெதுவாக எடுத்தார். ஒரு பருப்புகூட ஒட்டாமல் பன்கள் மினுமினுவென்று உட்கார்ந்திருந்தன.

அவள் திரும்பினாள். அவர் சட்டைக் கை மேலே ஏறியிருந்தது. இரண்டு மணிக்கட்டின் உள்பக்கத்திலும் குறுக்கே சூட்டுக்கோடு. ஒன்று பழசு, ஒன்று புதுசு.

"எங்கே கத்துக்கிட்டீங்க?"

"எதை?"

"கவுக்குறதை."

"நீ செய்யறதைப் பாத்துதான்."

"நான் செஞ்சு பத்து வருஷமாச்சு. அப்போ நீங்க இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாத்ததில்ல."

"பாத்திருப்பேன்," என்றார் அவர், பலகையைப் பார்த்துக்கொண்டே.

சுவில்லா மேலே கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. இந்தச் சின்னத் தட்டைக் கவிழ்க்கிறவர்களுக்கு மணிக்கட்டில் சூடு படாது. ஆளுக்கு ஒரு முனையாக இரண்டு பேர் பிடித்துப் புரட்டுகிற பெரிய தட்டு ஒன்று உண்டு. அதில் கை கொடுத்தவர்களுக்குத்தான் அந்த இடத்தில், அப்படிக் குறுக்காகக் கோடு விழும். சுவில்லாவின் சட்டைக் கைக்குள்ளே அதே இடத்தில் வெளுத்துப்போன இரண்டு கோடு இருக்கிறது. அந்தத் தட்டு அவளுடைய அம்மாவுடையது. இப்போது அது தங்கை மலிண்டா வீட்டில் இருக்கிறது.

மலிண்டா என்ற பேரை இந்த வீட்டில் எடுப்பதில்லை. சபைக்கு முன்னால் முழங்காலில் நின்று ஞானஸ்நானம் வாங்கினவள், பிறகு கார் வைத்துக்கொள்கிற வேறு சபைக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். சபை அவளை விலக்கி வைத்தது. விலக்கில் இருக்கிறவளோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது, அவள் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது. அவளுக்கு உதவலாம், கொடுக்கலாம், பேசக்கூடச் செய்யலாம். வாங்குவதுதான் கூடாது. சுவில்லா பேசுவதையும் சேர்த்தே நிறுத்திவிட்டாள். அது சபை சொன்னதல்ல, அவளாகச் சேர்த்துக்கொண்டது.

இப்போது அவள் புருஷன் வெள்ளிக்கிழமை தோறும் அந்தச் சமையலறையில் நிற்கிறார். பன் தின்கிறார். எந்த மேசையில் உட்கார்ந்து தின்கிறார்? யார் கையால் வாங்கித் தின்கிறார்?

சபையில் திருவிருந்து ஆராதனை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தின கூட்டத்தில், சபையோடு சமாதானமாக இருக்கிறாயா என்று ஒவ்வொருவரையும் கேட்பார்கள். தெரிந்ததை மறைத்துக்கொண்டு ஆமாம் என்று சொல்ல அவளால் முடியாது. சபை ஒழுங்கைக் கவனிக்கிற டீக்கன் ஈனோஸிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால் பெனுவேல் மண்டியிட்டு வருந்த வேண்டும். அவர் வருந்த மாட்டேன் என்று சொல்லிவிட்டால், அந்த மனுஷனுக்கு அந்தப் பிடிவாதம் உண்டு, அவரையும் விலக்கி வைப்பார்கள். அப்புறம் இதே வீட்டில், இதே சமையலறையில், புருஷனுக்குத் தனி மேசை போட வேண்டும். படுக்கையும் தனி. அவள் சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். சன்னலோரத்துத் தையல் மேசையைக் காலி பண்ணினால் ஒரு தட்டு வைக்க இடம் இருக்கும். அதை அளந்து பார்த்துவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

கண்ணால் பார்த்துவிட வேண்டும். பார்த்துவிட்டால் திங்கட்கிழமை ஈனோஸ் வீட்டுக்குப் போவது. இல்லாவிட்டால், இல்லாவிட்டால் என்ன என்று அவள் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், "வண்டிச் சக்கரம் கடகடங்குது. சக்கரக்காரர்கிட்ட காட்டிட்டு வந்துடுங்க," என்றாள்.

"நாளைக்குக் காட்டலாமே."

"இன்னைக்கு ஏன் முடியாது? வேற எங்கேயாவது போகணுமா?"

அவர் எதையோ மென்று விழுங்கினார். "இல்ல, போறேன்," என்று கிளம்பினார். சக்கரக்காரர் வீடு ஒரு பக்கம், மேடு மறு பக்கம். எந்தப் பக்கம் போகிறார் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். வண்டி சக்கரக்காரர் வீட்டுப் பக்கமே திரும்பியது. அவர் எப்படியும் மலிண்டா வீட்டுக்கு வருவார் என்று அவளுக்கு நிச்சயம். அதற்குள் முன்னால் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். சுவில்லா கருப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு சோளக்காட்டுக்குள் இறங்கினாள். அறுப்புக்கு நின்ற சோளம் ஆள் உயரத்துக்கு மேல் காய்ந்து நின்றது. ரோட்டில் போகிறவர்கள் யாரும் பார்க்க முடியாது. தன் வயசுக்குத் திருடி மாதிரி சோளத்துக்குள் குனிந்து போகிறோமே என்று அவமானமாக இருந்தது. அதற்கும் பெனுவேல் மேல்தான் கோபம் வந்தது.

மலிண்டா வீட்டுப் பின்வாசல் திறந்தே இருந்தது. வாசனைதான் முதலில் வந்தது. கதவோரத்தில் மறைந்து நின்று பார்க்கலாம் என்று நினைத்தவள், உள்ளே கேட்ட சத்தத்தில் மறைய மறந்துவிட்டாள். மலிண்டா அடுப்புக்கு முன்னால் நின்று, ஒரு கையாலும் இடுப்பாலும் அந்தப் பெரிய தட்டை மேசைக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கை மணிக்கட்டில் கோணியிருந்தது. உடைந்து சரியாகச் சேராத எலும்பு. விரல்கள் எதையும் பிடிக்கவில்லை.

தட்டு மேசைமேல் ஏறியது. மலிண்டா சன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. பாகு தட்டின் ஓரத்தில் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அவள் பலகையை எடுத்துத் தட்டின் மேல் போட்டாள். திரும்பியபோது வாசலில் அக்கா நிற்பதைப் பார்த்தாள்.

மலிண்டாவின் தலையில் அந்தச் சபையின் சின்ன முக்காடு, உடம்பில் பூப்போட்ட உடை. முகம் மட்டும் அப்படியே இருந்தது. பாகின் கொப்பளம் அடங்க ஆரம்பித்தது. அடங்கினால் இறுகும்.

"அக்கா," என்றாள் மலிண்டா, "திட்டுறதுன்னா அப்புறம் திட்டு. இப்போ இந்த முனையைப் பிடி."

உதவி செய்யலாம், சபை தடுக்கவில்லை. சுவில்லா அதைக்கூட யோசிக்கவில்லை என்பதுதான் உண்மை. சால்வையை உதறிவிட்டு, தொங்கின துணியை இழுத்துக்கொண்டு, மேசையின் இடதுபக்கம் போய் நின்றாள். அது எப்போதும் அவள் இடம். மலிண்டா நல்ல கையால் வலது முனையைப் பிடித்து, கோணின கையை அடியில் முட்டுக் கொடுத்தாள்.

"மூச்சைப் பிடி," என்றாள் சுவில்லா.

"பிடிச்சாச்சு."

புரட்டினார்கள். தட்டின் விளிம்பு சுவில்லாவின் மணிக்கட்டில், பழைய கோட்டின் மேலேயே சுட்டது. அவள் உஸ்ஸென்றாள். மலிண்டா தட்டின் அடியை முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள். இரண்டு பேரும் காத்திருந்தார்கள். பிறகு தட்டைத் தூக்கினார்கள். வரிசை வரிசையாகப் பன்கள், மேலே கருப்புப் பாகும் வால்நட் பருப்பும். சுவில்லா மரத்துப் பருப்பு.

"ஒண்ணுகூட ஒட்டல," என்றாள் மலிண்டா. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சிறுமிகளாக இருந்த நாளில் செய்கிற மாதிரியே, சூடு பார்க்காமல் மூலைப் பன்னைப் பிய்த்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். இடதுபக்கம் பிடிக்கிறவளுக்கு மூலைப் பன். அதுதான் அவர்கள் வழக்கம்.

சுவில்லா வாங்கிக் கடித்தாள்.

வெளியே பாகு முறுகி, உள்ளே மாவு இழையிழையாகப் பிரிந்தது. கடைசியில் அந்தக் கசப்பு. கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது வாயும் கடித்தாள். கண்ணைத் திறந்தபோது மலிண்டாவின் முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, என் கையிலேர்ந்து வாங்கிட்டியே."

சுவில்லாவின் வாய் நின்றது.

"நான் நெனைக்கல அக்கா, பழக்கத்துல நீட்டிட்டேன். மாமா ஒரு நாளும் வாங்கினதில்ல. கட்டு போட்ட கையோட அன்னைக்கு வாசப்படியில உக்காந்து அழுதுகிட்டிருந்தேன். தட்டு கவிழ்ந்து பன்னெல்லாம் தரையில. மாமா வண்டியில போனவர் பாத்துட்டு எறங்கினார். அன்னையிலேர்ந்து எங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்கிற வெள்ளிக்கிழமையெல்லாம் வருவாரு. பருப்பைக் கொண்டாந்து மேசையில வெப்பாரு. தட்டைக் கவுப்பாரு. நான் ஒரு பன்னைச் சன்னல்ல வெப்பேன். வெளிய போய், வெளியிலேர்ந்து எடுத்து, குதிரை பக்கத்துல நின்னுகிட்டே தின்னுட்டுப் போவாரு. இந்த மேசையில அவர் ஒரு நாள்கூட உக்காரல."

சன்னல் கட்டையில் ஒரு வெள்ளைத் துணி விரித்துத் தயாராக இருந்தது. சுவில்லா அதைப் பார்த்தாள். எத்தனை ராத்திரி அந்த மனுஷனை மனசுக்குள் டீக்கன் முன்னால் நிறுத்தினாள்! அவர் நூல் பிடித்த மாதிரி நடந்திருக்கிறார். விலக்கை மீறினது இந்த ஊரில் ஒரே ஒருத்திதான். அவள் வாயில் இன்னும் பன் இருந்தது. துப்பத் தோன்றவில்லை. விழுங்கினாள்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. பெனுவேல் அரக்கப் பரக்க இறங்கி வந்தவர், கதவருகில் பெண்டாட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கவிழ்த்து வைத்த தட்டைப் பார்த்தார். அவள் கையில் இருந்த பாதிப் பன்னைப் பார்த்தார். கேட்க வேண்டியதைக் கேட்கப் பயமாக இருந்திருக்க வேண்டும்.

"சன்னல்லேர்ந்துதானே எடுத்தே?" என்றார்.

"இல்ல," என்றாள் சுவில்லா.

வீடு திரும்புகிற வழியில் வண்டிச் சக்கரம் கடகடக்கவில்லை. அதில் முதலிலிருந்தே ஒரு கோளாறும் இல்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று அவள் கேட்டாள்.

"அவ பேரை எடுத்தா நீ எழுந்து போயிடுவே. யார்கிட்ட சொல்றது, நாற்காலிகிட்டயா?"

அவள் சட்டைக் கையை இழுத்து, மணிக்கட்டில் புதுசாய்ச் சுட்ட கோட்டை மூடிக்கொண்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பெரிய மேசையில் அவருடைய தட்டை வைத்தாள். தையல் மேசையிலிருந்து துணியையும் கத்தரிக்கோலையும் எடுத்துக் கீழே வைத்துவிட்டு, தன் தட்டை அதில் வைத்தாள்.

"என்ன இது?" என்றார் பெனுவேல்.

"உங்களுக்குத் தனி மேசை போடணுமேன்னு நாலு நாளா பயந்துகிட்டு, இடம்கூட அளந்து வெச்சிருந்தேன். அளந்தது வீணாப் போக வேண்டாம்."

"சபை இன்னும் ஒண்ணும் சொல்லலையே. நீயே தீர்ப்பு சொல்லிக்கிட்டியா?"

"திங்கக்கிழமை ஈனோஸ்கிட்ட போறேன்."

"அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாரு. வருத்தப்படுறியான்னு. ஆமான்னு சொன்னா அதோட முடிஞ்சுது."

"கையை நீட்டி வாங்கினேன்னு சொல்லிடுவேன். தின்னேன்னும் சொல்லிடுவேன்." அவள் தன் தட்டை நேராக நகர்த்தி வைத்தாள். "வருத்தப்படுறேன்னு சொல்ல வாய் வரலைங்க. தேடிப் பாத்துட்டேன். உள்ளே வருத்தம் இல்ல. இத்தனை வருஷம் போகாம இருந்துட்டேனேன்னுதான் இருக்கு. அதை ஈனோஸ்கிட்ட சொல்ல முடியுமா?"

பெனுவேல் தாடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து தையல் மேசையை, அவள் தட்டோடு, தரையில் கறகறவென்று இழுத்துக்கொண்டு வந்தார். பெரிய மேசையில் முட்டுவதற்கு ஒரு கையளவு இருக்கும்போது நிறுத்தினார். குனிந்து இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். தட்டுகளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விரிப்பை எடுத்து இரண்டு மேசைக்கும் சேர்த்து விரித்தார். நடுவில் துணி கொஞ்சம் தொய்ந்தது. மற்றபடி பார்க்க ஒரே மேசை மாதிரிதான் இருந்தது. விலக்கில் பிள்ளையோ உறவோ இருக்கிற பல வீடுகளில் இப்படித்தான் விரிப்பார்கள். இந்த வீட்டில் விரித்ததில்லை. சுவில்லா விட்டதில்லை.

"இது ரெண்டு மேசை," என்றார். "யார் வந்து கேட்டாலும் துணியைத் தூக்கிக் காட்டலாம்."

அவள் உட்கார்ந்தாள். தலை குனிந்து ஜெபம் பண்ணினார்கள். நிமிர்ந்ததும் சால்வை மடிப்பிலிருந்து ஒரு சின்னத் துணி மூட்டையை எடுத்தாள். மலிண்டா சன்னலில் வைத்த அவருடைய வெள்ளிக்கிழமைப் பன். சாப்பிடாமலே வந்துவிட்டார் என்று, கிளம்புகிற அவசரத்தில் வெளியே சுற்றிப் போய், முறைப்படி சன்னல் கட்டையிலிருந்து எடுத்து வந்திருந்தாள். அதைப் பிரித்து, விரிப்பின் மேல், துணி தொய்ந்திருந்த இடத்துக்குத் தன் பக்கமாக வைக்கப் போனாள்.

"கீழே வெக்காதே," என்றார் பெனுவேல். கையை நீட்டினார். "கையில குடு."

"நான் இப்போ..."

"தெரியும். குடு."

அவள் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். பாகு இரண்டு பேர் விரலிலும் ஒட்டியது.